எந்தச் சீட்டைத் தடை செய்வது?

வாங்கிச் சேர்த்த சீட்டுகளிலிருந்து அவரவர் தமக்கென ஒரு கட்டு அமைத்து மோதும் மேஜிக்: தி கேதரிங் விளையாட்டில் ஸ்கல்கிளாம்ப் என்று ஒரு சீட்டு உண்டு. 2004 பிப்ரவரியில் வந்த டார்க்ஸ்டீல் தொகுப்பைச் சேர்ந்தது. அதை மேசையில் இறக்க ஒரு மானா போதும்; ஓர் உயிரினத்துக்கு மாட்டிவிட இன்னொரு மானா. மானா என்பது இந்த விளையாட்டின் செலவுக்கணக்கு, ஆட்டம் நகர நகர மெல்லக் கூடும். மாட்டப்பட்ட உயிரினத்தின் தாக்கும் வலிமை ஒன்று கூடும், தாங்கும் வலிமை ஒன்று குறையும். அது இறந்தால் உரியவர் இரண்டு சீட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அந்த 'ஒன்று குறையும்' பார்வைக்கு ஒரு குறைதான். ஆனால் தாங்கும் வலிமை ஒன்றே உள்ள சிறு உயிரினத்துக்கு மாட்டினால் அது அந்தக் கணமே சாகிறது. ஒரு மானாவுக்கும் ஒரு அற்ப உயிரினத்துக்கும் ஈடாக இரண்டு புதுச் சீட்டுகள். கையில் வந்ததில் இன்னொரு சிறு உயிரினம் இருந்தால் மறுபடியும் இரண்டு. உருவாக்கத்தின் பிற்பகுதியில் செய்த திருத்தத்தில் நுழைந்த ஒரு கழித்தல் குறி, தண்டனைபோல் வேடமிட்டு வந்து பரிசாக மாறிவிட்டது. அண்மைத் தொகுப்புகளை மட்டுமே அனுமதிக்கும் ஸ்டாண்டர்டு என்ற போட்டிப் பிரிவில் 2004 ஜூனிலேயே அதைத் தடை செய்தார்கள்.

'அளவுக்கு மீறிய பலம், அதனால் தடை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. எந்தத் தொகுப்பிலும் ஏதாவது ஒரு சீட்டு மற்றவற்றைவிடப் பலமானதாகத்தான் இருக்கும். அதை நீக்கினால் இரண்டாவதாக இருந்தது முதலிடத்துக்கு வரும். பலம் மட்டுமே அளவுகோல் என்றால் தடைப் பட்டியலுக்கு முடிவே இருக்காது. தடை விதிப்பவர்கள் உண்மையில் வேறு எதையோ அளக்கிறார்கள்.

ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய மேஜிக் 1993இல் வெளியானபோது தடையும் இல்லை, ஒரே சீட்டை எத்தனை பிரதி வைக்கலாம் என்ற வரம்பும் இல்லை. பலமான சீட்டுகள் அரிதாகவே கிடைக்கும், ஆளுக்கு ஒன்றிரண்டு வாய்த்தால் அதிகம், எனவே அரிதாக இருப்பதே கட்டுப்பாடு என்பது அன்றைய எதிர்பார்ப்பு. மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கியதும் அந்த எதிர்பார்ப்பு உடைந்தது. செலவே இல்லாமல் இறங்கி மூன்று மானா தரும் பிளாக் லோட்டஸ் ஒருவர் கையில் இருபது இருந்தால் அதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. வெகு சீக்கிரமே போட்டிகளுக்கு விதிகள் வந்தன: டெக் என்று வீரர்கள் அழைக்கும் கட்டில் குறைந்தது 60 சீட்டுகள், ஒரு பெயருக்கு அதிகபட்சம் நான்கு பிரதிகள், மிகப் பலமானவற்றுக்கு ஒரே பிரதி.

பிரதி வரம்பு ஏன் வேலை செய்கிறது என்பது எளிய நிகழ்தகவு. 60 சீட்டுக் கட்டிலிருந்து தொடக்கத்தில் ஏழு சீட்டுகள் எடுப்பார்கள். நான்கு பிரதி வைத்திருந்தால் அவற்றில் ஒன்றாவது கைக்கு வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். ஒரே பிரதி என்றால் 12 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. யூ-கி-ஓ என்ற இன்னொரு சீட்டு விளையாட்டில் கட்டு 40 சீட்டு, தொடக்கக் கை ஐந்து சீட்டு என்று வைத்துக்கொண்டால், மூன்று பிரதிக்கு 34 சதவீதம், இரண்டுக்கு 24, ஒன்றுக்கு 12.5. அதை வெளியிடும் கொனாமி நிறுவனத்தின் தடைப் பட்டியலில் முழுத் தடை, ஒரு பிரதி, இரண்டு பிரதி என்ற படிகள் இருப்பது இதனால்தான். குமிழைத் திருகுவதுபோல் வாய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

இந்தக் குமிழில் இரண்டு ஓட்டைகள் உண்டு. கட்டிலிருந்து விரும்பிய சீட்டைத் தேடி எடுத்துத் தரும் சீட்டுகள் ஏராளமாக இருந்தால் ஒரே பிரதியும் நான்கு பிரதிபோல் நடந்துகொள்ளும். தேடும் வழி இல்லையென்றால் ஆட்டமே குலுக்கல் ஆகிவிடும். யாருக்கு அந்த ஒற்றைச் சீட்டு வந்ததோ அவருக்கே வெற்றி. யூ-கி-ஓவின் பாட் ஆஃப் கிரீட் இதற்கு நல்ல உதாரணம். செலவு எதுவும் இல்லை, நிபந்தனை இல்லை, இறக்கினால் இரண்டு சீட்டு கிடைக்கும். அந்த விளையாட்டில் மானா போன்ற செலவுக்கணக்கே கிடையாது என்பதால் எந்தக் கட்டும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. 'நான் இதை வைக்கவில்லை' என்பவர் வெறுமனே தவறு செய்கிறார். தேர்வுக்கு இடமே தராத சீட்டு, பெரிய அசுரனைவிட விளையாட்டுக்கு அதிகக் கேடு செய்கிறது. அது நெடுங்காலமாகத் தடைப் பட்டியலில் இருந்துவருவதில் வியப்பில்லை.

கேடு எவ்வளவு என்பதை எப்படி அளப்பது? முதலில் நினைவுக்கு வருவது வெற்றி விகிதம். அதுவே முதல் பொறி. ஒரு கட்டு மற்ற எல்லாக் கட்டுகளையும் 60 சதவீத ஆட்டங்களில் வெல்கிறது என்று கொள்வோம். அது தெரிந்ததும் பலரும் அதையே எடுத்துவர, களத்தில் 60 சதவீதம் பேர் கையில் அதுதான். இப்போது அந்தக் கட்டு மோதும் ஆட்டங்களில் பெரும்பகுதி தன்னுடனே. தன்னோடு தான் மோதினால் வெற்றி எப்போதும் 50 சதவீதம். கணக்குப் போட்டால் 0.6 × 50 + 0.4 × 60 = 54. அறுபது என்ற ஆதிக்கம் காகிதத்தில் 54ஆகச் சுருங்கி, 'அப்படியொன்றும் மோசமில்லையே' என்ற தோற்றம் தருகிறது. ஒரு கட்டு பரவப் பரவ அதன் புள்ளிவிவரம் நல்ல பிள்ளையாகிறது. தன்னோடு மோதிய ஆட்டங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதுவும் முழு உண்மை அல்ல. எல்லாரும் அந்த ஒரு கட்டை வீழ்த்துவதற்கென்றே தங்கள் கட்டுகளை மாற்றி அமைத்த பிறகும் அது 52 சதவீதம் வெல்கிறது என்றால், அந்த 52 சாதாரண எண் இல்லை.

2019 அக்டோபரில் வந்த ஓகோ இந்த வகை. மூன்று மானா செலவில் இறங்கும் அந்தச் சீட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உயிரினத்தையோ கலைப்பொருளையோ திறன் எதுவுமற்ற சாதாரண மான் ஒன்றாக மாற்றிவிடும். எதிராளி எத்தனை விலைகொடுத்து எதை இறக்கினாலும் மான். ஓகோ தன் பங்குக்கு வென்ற ஆட்டங்களைவிட, மற்றவர்கள் வீட்டிலேயே விட்டுவந்த சீட்டுகள்தான் சேதம். நவம்பர் 18ஆம் தேதி ஸ்டாண்டர்டில் தடை. வெளிவந்து ஏழு வாரம் ஆகவில்லை.

இங்கே ஆட்டக் கோட்பாடு ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. கல், காகிதம், கத்தரி என்ற மூன்று கட்டுகள் மட்டும் இருக்கும் களத்தை எண்ணிப் பாருங்கள். கல் கத்தரியை வெல்லும், கத்தரி காகிதத்தை, காகிதம் கல்லை. மூன்று வெற்றிக்கும் ஒரே மதிப்பு என்றால், கட்டை மாற்றி யாரும் லாபம் காண முடியாத சமநிலையில் மூன்றும் மூன்றில் ஒரு பங்கு. இப்போது கல்லுக்குப் புதிதாக ஒரு சீட்டு கிடைத்து, கத்தரிக்கு எதிரான அதன் வெற்றி மட்டும் இருமடங்கு மதிப்பு பெறுகிறது. எந்தக் கட்டு பெருகும்? கல் என்றுதான் யாரும் சொல்வார்கள். சமன்பாட்டைத் தீர்த்தால் காகிதம் பாதியாகவும் கல்லும் கத்தரியும் ஆளுக்குக் கால் பங்காகவும் நிற்கின்றன. பலம் பெற்றது கல், பெருகியது கல்லை வேட்டையாடும் காகிதம். களத்தில் பாதி காகிதமாகத் தெரிகிறதே என்று காகிதத்தைத் தடை செய்தால் கல்லுக்கு எதிரியே இல்லாமல் போகும். களத்தில் எது அதிகம் கண்ணில் படுகிறது என்பது குற்றவாளி யார் என்பதற்குச் சான்றல்ல. உண்மையான களத்தில் மூன்றல்ல, பத்து இருபது கட்டுகள் இருக்கும். சமநிலை வருமுன் அடுத்த தொகுப்பு வந்துவிடும்.

தவறான சீட்டைத் தடை செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. 2019 ஜூனில் பழைய தொகுப்புகள் பலவற்றையும் அனுமதிக்கும் மாடர்ன் பிரிவுக்கு ஹோகாக் என்ற அசுரன் வந்தது; தாக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும் தலா எட்டு. அதை இறக்க மானா செலவழிக்கவே கூடாது என்பது விதி. உயிரினங்களைக் களைப்பாக்கியும், ஆடி முடிந்த சீட்டுகள் போய்ச்சேரும் கழிவுக் குவியலில் கிடப்பவற்றை ஆட்டத்திலிருந்தே அகற்றியும் விலை கட்டவேண்டும். கடுமையான நிபந்தனை போலிருக்கிறது. ஆனால் கழிவுக் குவியலை வேகமாக நிரப்பும் கட்டுக்கு அது இலவசம், அந்தக் குவியலிலிருந்தே மறுபடியும் இறங்கவும் செய்யும். ஜூலை 8ஆம் தேதி தடை வந்தது. ஹோகாக்குக்கு அல்ல, அதோடு கூட்டுச் சேர்ந்த பிரிட்ஜ் ஃபிரம் பிலோ என்ற பழைய சீட்டுக்கு. கட்டு வைத்திருந்தவர்கள் அந்தச் சீட்டை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினார்கள். அந்த மாத இறுதியில் பார்சிலோனாவில் நடந்த பெரிய போட்டியில் அதிகம் பேர் கொண்டுவந்ததும் ஹோகாக் கட்டுதான். ஆகஸ்ட் 26இல் ஹோகாக்கையே தடை செய்தார்கள். ஒரு கோடைகாலப் போட்டிகள் வீணானதுதான் மிச்சம். புதிதாக விற்பனைக்கு வந்த சீட்டைத் தொடத் தயங்கிப் பழைய சீட்டின் தலையில் பழியைப் போட்டார்கள் என்று அன்றே பலர் சொன்னார்கள். எனக்கும் அதில் உண்மை இருப்பதாகவே படுகிறது.

இதையெல்லாம் அச்சிடுமுன்பே பரிசோதித்துப் பார்க்கக்கூடாதா? மேஜிக்கில் வெவ்வேறு சீட்டுகள் 25,000க்கும் மேல். இரண்டிரண்டாக இணைத்தால் 31 கோடிக்கும் அதிகமான இணைகள். மூன்று மூன்றாக என்றால் 2.6 லட்சம் கோடி. பெரும்பாலானவை குப்பை என்றாலும் எது குப்பை என்று ஆடிப் பார்க்காமல் தெரியாது. கணினியிடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு தடை: இந்த விளையாட்டுக்குள் ஒரு டூரிங் இயந்திரத்தையே, அதாவது எந்தக் கணினி நிரலையும் ஓட்டவல்ல கோட்பாட்டுக் கணினியையே, கட்டிவிட முடியும் என்று 2019இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எந்த நிலையைக் கொடுத்தாலும் வெற்றி யாருக்கு என்று தவறாமல் சொல்லும் ஒரு நிரல் இருக்கவே முடியாது என்று அதற்குப் பொருள். சாதாரண ஆட்டங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை என்பது வேறு.

எனவே மனிதர்கள்தான் ஆடிப் பார்க்கவேண்டும், மனிதர்கள் நேரமின்றித் தவறவிடுகிறார்கள். 2024 ஜூனில் வந்த நாடூ என்ற பறவை, உங்கள் உயிரினம் ஒவ்வொன்றும் எதற்காவது இலக்காகும்போதெல்லாம் ஒரு சீட்டு தரும். ஓர் உயிரினத்துக்கு ஒரு சுற்றில் இரண்டு முறை. ஷூகோ என்ற பழைய கருவியை ஓர் உயிரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மானா எதுவும் வேண்டாம், மாற்றுவதும் இலக்காக்குவதே. பத்து உயிரினம் இருந்தால் இருபது சீட்டு, செலவு சுழியம். அந்த இறுதி வடிவம் கடைசி நேரத்தில் எழுதப்பட்டது, ஆடிப் பார்க்கப்படவில்லை, செலவற்ற திறன்களோடு அது சேரும் விதம் கண்ணில் படவில்லை என்று வடிவமைப்பாளர் மைக்கேல் மேஜர்ஸ் வெளிப்படையாகவே எழுதினார். ஆகஸ்ட் 26இல் மாடர்னில் தடை வந்தது. ஸ்கல்கிளாம்புக்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஓடியும் அதே கடைசி நேரத் திருத்தம்.

தடை தவிர வேறு கருவிகளும் உண்டு. பழைய தொகுப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் களத்திலிருந்து விலக்கும் சுழற்சி முறை மேஜிக்கின் ஸ்டாண்டர்டிலும் போக்கிமானிலும் இருக்கிறது. ஹார்த்ஸ்டோன்போலத் திரையில் மட்டும் வாழும் விளையாட்டில் சீட்டின் எண்ணையே ஒரே இரவில் மாற்றிவிடலாம். அச்சிட்ட காகிதத்தில் அது சிரமம், ஆனாலும் செய்திருக்கிறார்கள். 2020இல் வந்த 'கம்பேனியன்' வகைச் சீட்டுகள் கட்டுக்கு வெளியே காத்திருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் தவறாமல் கிடைத்தன. அவற்றில் ஒன்றான லுர்ரஸை, மிகப் பலமான சீட்டுகளுக்கும் ஒரு பிரதியாவது அனுமதிக்கும் வின்டேஜ் பிரிவிலேயே முழுத் தடை செய்ய நேர்ந்தது. கட்டுக்கு வெளியே எப்போதும் ஒரே பிரதியாக நிற்கும் சீட்டுக்கு 'ஒரே பிரதி' என்ற வரம்பு என்ன செய்யும்? பிறகு அந்த வகை முழுவதற்கும் மூன்று மானா கூடுதல் செலவு என்று விதியை மாற்றினார்கள். 2021இல் லுர்ரஸ் வின்டேஜுக்குத் திரும்பியது.

சில தடைகளுக்குப் பலமே காரணமல்ல. செகண்ட் சன்ரைஸ் என்ற சீட்டை 2013இல் மாடர்னிலிருந்து நீக்கியது, அதைச் சுற்றிய கட்டு ஒரே சுற்றை நிமிடக் கணக்கில் இழுத்துப் போட்டி அட்டவணையையே தாமதமாக்கியதால்.

பணமும் நடுவில் நிற்கிறது. 2024 செப்டம்பரில், பலர் ஒரே மேசையில் சேர்ந்து ஆடும் கமாண்டர் பிரிவை நிர்வகித்த தன்னார்வக் குழு மானா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ் முதலிய நான்கு சீட்டுகளைத் தடை செய்தது. அவற்றில் சில மிகுந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தவை. குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரே வாரத்தில் பொறுப்பு, மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்திடம் போய்ச்சேர்ந்தது. சீட்டை அச்சிட்டு விற்பவரே அதைத் தடையும் செய்வது எனக்கு உவப்பில்லை. ஆனால் அந்த மிரட்டல்களுக்குப் பிறகு வேறு யார் முன்வருவார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தடை நீக்குவதும் இதே கணக்குதான். கோல்காரி கிரேவ்-டிரோல் என்ற சீட்டை, சீட்டு எடுப்பதற்குப் பதிலாகக் கழிவுக் குவியலிலிருந்து கைக்குத் திருப்பலாம். அதற்கு ஈடாகக் கட்டின் மேலிருந்து ஆறு சீட்டுகள் கழிவில் விழும். கழிவையே கருவூலமாக வைத்திருக்கும் கட்டுக்கு அது வரம். 2015 ஜனவரியில் மாடர்னில் அதன் தடையை நீக்கினார்கள். ஓராண்டுக்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2016இல் கழிவிலிருந்து தானே எழுந்துவரும் ஓர் உயிரினமும், இரண்டே மானாவில் மூன்று சீட்டு எடுக்கவைக்கும் ஒரு மந்திரமும் வெவ்வேறு தொகுப்புகளில் வந்தன. மூன்று முறை எடுப்பது என்றால் கழிவில் கொட்டுவதற்கு மூன்று வாய்ப்புகள். 2017 ஜனவரியில் கிரேவ்-டிரோல் மறுபடியும் தடைப் பட்டியலுக்குப் போனது. அந்தச் சீட்டில் அச்சான வாசகம் இரண்டு ஆண்டுகளில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை.