வாண்டா கூடையை நிரப்பாதீர்கள்

ஆர்க்கிட் வளர்ப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ச் செடியைப் பார்த்து யோசனை சொல்வது என் தொழில். அடிக்கடி கண்ணில் படுவது ஒரே காட்சிதான். அழகான தேக்குக் கூடை, அதில் விளிம்புவரை அடைத்த தென்னை நார்க்கழிவு, நடுவில் இலை சுருங்கிய வாண்டா என்ற ஆர்க்கிட். "தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன் சார், அப்படியும் வாடுது" என்பார்கள். நார்க்கழிவைக் கிளறி ஒரு வேரை அழுத்தினால், மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். அழுகிய வேர் தண்ணீர் குடிக்காது. ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டு செடி தாகத்தில் சாகிறது.

வாண்டா மரத்தில் தொற்றி வாழும் செடி. நம் ஊர் மாமரங்களிலும் வாண்டா டெசெலாட்டா என்ற வகை தானாக வளர்வதைப் பார்க்கலாம். பலர் அதைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிகிறார்கள், மனசு கேட்காது. அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதே இல்லை. வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை பட்டதும் நீரைப் பிடித்துக்கொள்ளும், பிறகு காற்றில் காய்ந்துவிடும். இந்த நனைந்து காய்வதுதான் அதற்கு வாழ்க்கை. மரக்கூடையைக் கண்டுபிடித்ததே அந்தக் காற்றுக்காகத்தான். வாண்டாவுக்கு வெறும் கூடையே போதும். டென்ட்ரோபியம் என்ற வேறு ஆர்க்கிட் என்றால் பெரிய மரக்கரித் துண்டுகளும் ஓட்டுச்சில்லும் கொஞ்சம் போடலாம்.

கூடையைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஆசாரியிடம் மிஞ்சிய தேக்கு ரீப்பர் துண்டுகள் கிடைத்தால், விரல் நுழையும் இடைவெளி விட்டு அடுக்கி, துருப்பிடிக்காத கம்பியால் கோத்துவிடலாம். வார்னிஷ், பெயிண்ட், கரையான் மருந்து எதுவும் வேண்டாம். பழப்பெட்டிப் பலகை மழையில் சீக்கிரம் உளுத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் வேரின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளி போல் வெளுத்திருந்தால் தாகம். நனைத்ததும் பச்சையாகும், அதுவரை ஊற்றினால் போதும். கோடையில் அனல் காற்று வீசும் நாட்களில் இரண்டு வேளைகூடத் தேவைப்படும். சாயங்காலம் ஊற்றுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வாண்டா ஒற்றைக் குருத்தில் மேல்நோக்கி வளர்வது. இரவெல்லாம் அதில் நீர் தேங்கி அழுகினால் செடியே போய்விடலாம். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் வேர் மேல் உப்பு படிந்து வெள்ளையாக இருக்கும். மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ரொம்ப வித்தியாசம் தெரியும். எல்லாச் செடியையும் ஒரே வாளியில் முக்கி எடுக்காதீர்கள், ஒன்றின் நோய் அத்தனைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், கூடை சிறிதாகிவிட்டது என்று வேரைப் பிய்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மரத்தோடு ஒட்டிய வேர் உடையாமல் வராது. பழைய கூடையை அப்படியே பெரிய கூடைக்குள் இறக்கிவிடுங்கள். அதற்கு முன் இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் வெளியே தொங்கும் வேர்கள் வளைந்துகொடுக்கும்.

வாங்கும்போது நர்சரியில் வளர்த்த செடிதானா என்று கேளுங்கள். மேகாலயாவின் காசி மலையில் பூக்கும் நீல வாண்டா, காட்டிலிருந்து பறித்துப் பறித்தே அருகிப்போனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. காட்டில் பிடுங்கியதை மலைப்பாதை ஓரத்தில் யாராவது மலிவாக நீட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள்.