பழைய கார் வாங்கினீர்களா? ரீகால் கடிதம் முதல் ஓனர் வீட்டுக்குத்தான் போகும்

மைத்துனர் வாங்கிய பழைய காருக்கு ஏர்பேக் ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது, வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடிதம், எஸ்.எம்.எஸ். எல்லாம் முதல் ஓனருக்குப் போயிருக்கின்றன. விற்றுவிட்ட காரைப் பற்றி அவருக்கு என்ன கவலை? சர்வீஸ் சென்டரில் போய்க் கேட்டால், "உங்க பேர்ல எதுவும் காட்டலையே சார்." பேரைத் தட்டினால் எப்படிக் காட்டும்? ரீகால் வண்டிக்கு, ஆளுக்கு அல்ல. "சேசிஸ் நம்பர் போடுங்க தம்பி" என்று ஆர்.சி.யை நீட்டிய பிறகுதான் வந்தது.

ஆர்.சி.யில் இருக்கும் அந்த நம்பர் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஓ மாதிரித் தெரிவது பூஜ்ஜியம்தான். இதை மாற்றி அடித்துவிட்டு 'ரீகால் இல்லை' என்று நிம்மதியாகத் திரும்பியவர்கள் உண்டு. மாருதி என்றால் எம்.ஏ.3-க்குப் பின் வரும் 14 இலக்கத்தைக் கேட்பார்கள். கம்பெனி வெப்சைட்டில் 'ரீகால்' என்ற சொல்லையே தேடாதீர்கள். 'கஸ்டமர் இன்ஃபோ', 'கேம்பெய்ன்' என்று எங்காவது ஒரு மூலையில் ஒளித்திருப்பார்கள்.

ரீகாலுக்கான சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவு. அதற்கான விதி 2021 ஏப்ரல் 1 முதல் அமலில். சட்டம் பற்றி இவ்வளவு போதும்.

கவுன்ட்டரில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். "வாரண்டி முடிஞ்சிருச்சு" என்பார்கள்; ரீகாலுக்கும் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை, வேலை இலவசம். "ஏழு வருஷம் தாண்டிடுச்சு" என்பார்கள். அந்த வரம்பு அரசு உத்தரவிடும் ரீகாலுக்கான விதியில் உள்ளது. கம்பெனி தானாக அழைத்தால் அது குறுக்கே வராது. டகாட்டா என்ற கம்பெனி செய்த கோளாறான ஏர்பேக்குக்காக ஹோண்டா அதைவிடப் பழைய கார்களையும் அழைத்தது. "ஜெனரல் சர்வீஸோட சேர்த்துப் பண்ணிடலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"பார்ட் வரல, வந்ததும் போன் பண்றோம்" என்பதுதான் பெரிய தலைவலி. அந்த போன் வராது. தேதி, சேசிஸ் நம்பர், 'ரீகால் வேலை பாக்கி' மூன்றும் எழுதிய ஜாப் கார்டு வாங்காமல் நகராதீர்கள். அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களை ஏர்பேக்கை விரியவைக்கும் கன்ட்ரோலருக்காகத் திரும்ப அழைத்தபோது, மாற்றும் வரை ஓட்டவே வேண்டாம் என்றது. உங்கள் ரீகாலும் அந்த ரகமா என்று முதலில் கேளுங்கள்.

பழைய கார் பார்க்கப் போனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சேசிஸ் நம்பரை வாங்கித் தட்டிப் பாருங்கள். பேர் மாறிய கையோடு சர்வீஸ் சென்டரில் உங்கள் போன் நம்பரையும் மாற்றச் சொல்லுங்கள்.