"டயர்டா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள்

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் வாந்தியையும் வலியையும் விவரமாகச் சொல்வார்கள். சோர்வைப் பற்றி நாங்களாகக் கேட்டால்தான் வாய் திறப்பார்கள். "இந்த ட்ரீட்மெண்ட்னா அப்படித்தானே டாக்டர்" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவோமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு.

இது வேலை செய்த அலுப்பு இல்லை. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும், பல் தேய்த்து முடிப்பதற்குள் உட்காரத் தோன்றும். கீமோதெரபியில் பெரும்பாலும் மருந்து ஏற்றிய அடுத்த சில நாட்கள்தான் மோசம்; அடுத்த சுற்றுக்குள் ஓரளவு தணியும். கூடவே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், முதல் ஓரிரு நாள் சுறுசுறுப்பாக இருந்தவர் அது நின்றதும் சட்டென்று துவண்டுவிடுவார். கதிர்வீச்சிலோ வாரம் போகப் போகக் கூடும். சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரங்கள் இருக்கும். இதை வைத்து மட்டும் நோய் முற்றிவிட்டது என்று கலங்காதீர்கள்.

சோர்வுக்கு 0 (சோர்வே இல்லை) முதல் 10 (மிக மோசமான சோர்வு) வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். 4ஐத் தொட்டாலே காரணம் தேட வேண்டும். நேற்றுவரை ஏறிய மாடிப்படி இன்று முடியவில்லை என்பதுபோலச் சொன்னால் எங்களுக்கு இன்னும் உதவி. ரத்தசோகை, தூக்கமின்மை, மனச்சோர்வு, வலி மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) எடுப்பவர்களுக்கும் கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் தைராய்டையும் பார்ப்போம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

அப்புறம், வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. பாசத்தில் தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்க விடமாட்டீர்கள், தெரியும். ஆனால் படுத்தே கிடந்தால் தசை மெலிந்து சோர்வு கூடத்தான் செய்யும். 113 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அலசலில், இந்தச் சோர்வுக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையுமே அதிகம் உதவின. வீட்டுக்குள் 5 நிமிட நடையில் தொடங்கினால் போதும். எலும்புக்கு நோய் பரவியிருந்தாலோ, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குளிக்கும்போது ஸ்டூலில் உட்காரலாம். முக்கியமான வேலையைத் தெம்பான நேரத்துக்கு ஒதுக்குங்கள். பகல் தூக்கம் அரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் ராத்தூக்கம் கெடும்.

சோர்வோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், அல்லது ஒரு நாள் முழுக்கப் படுக்கையை விட்டு எழ முடியாவிட்டால், அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.