தைமஸுக்குள் ஒரு துளி இன்சுலின்

கடலூரிலிருந்து பஸ் ஏறி, கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் இறங்கும் பெற்றோர் பலருக்கும் ஒரே சந்தேகம்தான். "எங்க ரெண்டு பக்கத்துலயும் யாருக்கும் இந்தச் சுகர் இல்லையே டாக்டர், ஏழு வயசுப் புள்ளைக்கு எப்படி வந்துச்சு?" நியாயமான கேள்வி. டைப் 1 நீரிழிவு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்கள் இருப்பதில்லை. ஆனாலும் மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

மிட்டாய் தின்றதால் வந்த நோயல்ல இது (பாட்டிமார் என்ன சொன்னாலும் சரி). கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் சொந்த டி செல்களே தாக்கி அழிக்கின்றன. சின்ன வயதிலேயே நோய் தொடங்கும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் முதலில் தென்படுவது இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி.

டி செல்கள் முதிர்வது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில். அங்குள்ள சில செல்கள், 21ஆம் குரோமோசோமில் உள்ள ஏர் என்ற மரபணுவின் உதவியால், மற்ற உறுப்புகளின் புரதங்களையும் துளித்துளியாகச் செய்து டி செல்களுக்குக் காட்டுகின்றன. இன்சுலினும் அதில் ஒன்று. டி செல்லும் வீட்டு நாய் மாதிரிதான். அடிக்கடி வரும் சித்தப்பாவைப் பார்த்து நாய் குரைக்காது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் மாமாவைக் கடிக்கப் பாயும். தைமஸ் கொஞ்சம் கொடூரம்: குரைக்கும் நாயைப் பழக்குவதற்குப் பதில் பெரும்பாலும் கொன்றேவிடும். தப்பும் சில, மற்றவற்றை அடக்கும் செல்களாக மாறும்.

அப்படியென்றால் தைமஸில் எவ்வளவு இன்சுலின் காட்டப்படுகிறது என்பதுதான் விஷயம். 11ஆம் குரோமோசோமில் இன்சுலின் மரபணுவுக்குச் சற்று முன்னால், 14, 15 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்கு 26 முதல் 63 தடவை, வேறு சிலருக்கு 140 முதல் 210 தடவை. நீண்ட வடிவம் இருந்தால் தைமஸில் இன்சுலினுக்கான ஆர்என்ஏ (மரபணுவின் செய்முறை நகல்) இரண்டு, மூன்று மடங்கு அதிகம் உருவாகிறது என்று 1997இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. கணையத்திலோ அதே வடிவம் உற்பத்தியைச் சற்றுக் குறைக்கிறது! கணையத்தை மட்டும் பார்த்திருந்தால் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்போம். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து நீண்ட வடிவம் வந்தாலே பாதுகாப்பு கிடைக்கிறது.

இன்சுலின் துண்டை டி செல்லுக்கு ஏந்திக் காட்டும் ஹெச்எல்ஏ மூலக்கூறுகளின் பங்கு இன்னும் பெரிது; மரபணு ஆபத்தில் ஏறக்குறையப் பாதி, 6ஆம் குரோமோசோமிலுள்ள இவற்றால்தான். அவற்றில் ஒன்றான டிக்யூவின் புரதச் சங்கிலியில் 57ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பது ஆபத்தோடு சேர்ந்துவருவது 1987இலேயே தெரிந்துவிட்டது. சில டிக்யூ வடிவங்கள் இன்சுலின் துண்டைச் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் தைமஸில் அழிய வேண்டிய டி செல்கள் தப்பி வெளியே வந்துவிடுகின்றன என்பது இன்று வலுவான விளக்கம்.

அந்தப் பெற்றோர் இருவருமே ஆபத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு நலமாக இருந்திருக்கலாம். பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்துவிட்டன. சேர்ந்தாலும் பலருக்கு நோய் வருவதில்லை. வைரஸ் தொற்று போன்ற வெளிக் காரணங்கள் மீதும் சந்தேகம் உண்டு.

சரி, வளர்ந்த பிறகு டி செல்களைப் பழக்க முடியாதா? நோயாளிகளின் உறவினர்களில் ஆன்டிபாடி தோன்றியவர்களுக்கு இன்சுலினை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவில் மொத்தத்தில் பலனில்லை. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்லிசுமாப் என்ற மருந்து பழக்கும் வேலைக்கே போவதில்லை, டி செல்களையே தளர்த்துகிறது. நோய் முற்றி இன்சுலின் ஊசி தேவைப்படும் நாளைச் சராசரியாக இரண்டு வருடம் போலத் தள்ளிவைக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல.