சிமெண்ட் டின் நங்கூரம் ஆகாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது எஞ்சின். மூன்றும் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு என் பட்டறைக்கு வந்தவை. கொண்டுவந்தவர்கள் மூவரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "அண்ணே, நங்கூரம் போட்டுத்தான் நின்றோம்."

பினாங்கில் பத்து மவுங் பக்கம் சின்னப் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. நனைந்த எஞ்சின் வந்தால் எனக்கு வருமானம். அதனால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்றாவது ஆள் தன் பன்னிரண்டு வயது மகனையும் அந்தப் படகில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான் என்று கேட்ட பிறகு முடியவில்லை.

நடந்தது இதுதான். ஞாயிறு விடியற்காலை, ஜெரெஜாக் தீவுக்குத் தெற்கே, பதினாறு அடி ஃபைபர் படகு. நங்கூரம் என்று அவர்கள் வைத்திருந்தது, பெயிண்ட் டின்னில் சிமெண்ட்டைக் கொட்டி நடுவில் இரும்பு வளையம் செருகிய ஓர் உருப்படி. இருபது கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு குறுகலான முன்பக்கத்துக்குப் போக முடியுமா? முடியாது. ஆகவே பின்பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்தில் இறக்கி, அங்கேயே கயிற்றைக் கட்டிவிட்டார்கள். நீரோட்டம் திரும்பியது. பின்பலகை ஓட்டத்தை எதிர்த்து நின்றது. தூரத்தில் போன பெரிய படகின் அலை வந்து ஏறியது. முதல் அலையில் கணுக்கால் அளவு தண்ணீர், இரண்டாவதில் முழங்கால் அளவு. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்து கயிற்றை வெட்டிவிட்டதால் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

படகின் பின்புறம்தான் அதன் தாழ்ந்த இடம். நூறு கிலோ எஞ்சினும் பெட்ரோல் தொட்டியும் ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு நங்கூரத்தையும் அங்கே கட்டினால், அந்த இடத்தை நீங்களே கீழே பிடித்து இழுக்கிறீர்கள். அலையைக் கிழிப்பதற்கென்று கட்டப்பட்ட பகுதி முன்பக்கம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த என் தாத்தா அதை அணியம் என்பார். கயிறு அணியத்தில்தான் கட்டப்பட வேண்டும். காற்று இல்லை, ஐந்து நிமிடம்தான், தூண்டிலை மட்டும் மாற்றிக்கொள்கிறோம் என்ற கதையெல்லாம் வேண்டாம்.

இப்போது என் இரத்தக் கொதிப்புக்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். "கனமாக இருந்தால் போதும், படகு நகராது." இதை எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லிக் கேட்டுவிட்டேன்! கடைசியாகச் சொன்னவர் இருபது வருடமாகக் கடலுக்குப் போகிறவர்.

நங்கூரம் கனத்தால் பிடிப்பதில்லை ஐயா. தரையைத் தோண்டி உள்ளே இறங்குவதால் பிடிக்கிறது. மண்வெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியைத் தரையில் கிடத்தி மேலே ஒரு மூட்டை அரிசியை வைத்தாலும் இழுத்தால் வந்துவிடும். அதையே சாய்த்து மண்ணில் வெட்டி இறக்கிவிட்டு இழுத்துப் பாருங்கள். சிமெண்ட் டின் எதையும் தோண்டாது, சேற்றின் மேல் சறுக்கிக்கொண்டே வரும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிமெண்ட் கலவை தண்ணீரை விட ஏறத்தாழ 2.4 மடங்குதான் கனம். கடலில் இறக்கியதும் உங்கள் 20 கிலோ 12 கிலோவுக்கும் கீழே போய்விடுகிறது. இடுப்பு ஒடிய 20 கிலோ தூக்குகிறீர்கள், கடலுக்கடியில் வேலை செய்வதோ அதில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் இழுப்பு நான்கு மடங்காகும். அந்த நேரத்தில் இன்னும் மூன்று டின் சிமெண்ட்டுக்கு எங்கே போவீர்கள்?

பதினாறு அடிப் படகுக்கு நான்கைந்து கிலோவில் தட்டையான இரண்டு அலகு கொண்ட டான்ஃபோர்த் வகை நங்கூரம் போதும். இரண்டாம் உலகப் போரின்போது தரையிறங்கும் படகுகளுக்குப் பயன்பட்ட வடிவம் அது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள நம் கால்வாய்ச் சேற்றிலும் வடக்குக் கரை மணலிலும் நன்றாக இறங்கும். கலப்பை வடிவ நங்கூரம் இன்னொரு வகை. 1933இல் அதை வடிவமைத்தவர் ஜி. ஐ. டெய்லர் என்ற இயற்பியலாளர். நீரோட்டக் கணிதத்தில் உலகப் புகழ் பெற்ற அந்த மனிதரே உட்கார்ந்து யோசித்த பொருளுக்கு நாம் பெயிண்ட் டின்னை மாற்றாக வைக்கிறோம். குடை போல மடங்கும் நான்கு கொம்பு நங்கூரம் பார்க்க அழகாக இருக்கும், பாறையில் மாட்டும், சேற்றில் ஒன்றுக்கும் உதவாது.

நல்ல நங்கூரம் வாங்கியவர்களும் கோட்டை விடும் இடம் கயிறு. இழுப்பு தரையோடு படுத்து வந்தால் நங்கூரம் மேலும் உள்ளே இறங்கும். மேல்நோக்கி வந்தால் அதே இழுப்பு அதைப் பிடுங்கி எடுக்கும். ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு விட்டால் சாய்வு 19 டிகிரிக்கு மேல் இருக்கும், ஏழு மடங்கு விட்டால் எட்டு டிகிரிதான். ஆகவே ஏழு மடங்கு. காற்று எழும்பினால் பத்து. ஆழம் என்றால் கருவி காட்டும் ஆழம் மட்டும் அல்ல. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இங்கே நீர் ஏறி இறங்கும் அளவு இரண்டு மீட்டரைத் தொடும். வற்றிய நேரத்தில் 3 மீட்டர் காட்டுகிறது, ஏற்றத்துக்கு 2, நீர்மட்டத்திலிருந்து அணியம் 1, மொத்தம் 6 மீட்டர். ஏழால் பெருக்கினால் 42 மீட்டர் கயிறு. என் பட்டறைக்கு வரும் படகுகளில் பாதியில் 15 மீட்டர் கூட இருப்பதில்லை.

அந்தக் கயிறும் நைலானாக இருக்க வேண்டும். இரும்புக்கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீல நிறக் கயிறுகள் பெரும்பாலும் மிதப்பவை. மிதக்கும் கயிறு எஞ்சின் விசிறியைத் தேடிப் போய்ச் சுற்றிக்கொள்ளும். நைலான் மூழ்கும், ரப்பர் போலக் கொஞ்சம் நீண்டு கொடுத்து அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் படகின் நீளத்துக்குச் சங்கிலி கட்டுங்கள். சங்கிலி கயிற்றைத் தரையோடு படிய வைக்கும், கிளிஞ்சலில் உரசி அறுபடாமலும் காக்கும். கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டிவிட்டுத்தான் நங்கூரத்தைக் கையில் எடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள். கயிறு முழுவதும் தண்ணீருக்குள் போவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த படித்தவர்களை எனக்குத் தெரியும்.

போடும்போது வீசாதீர்கள். நாடகத்தில் வேல் எறிவது போல எறிந்தால் சங்கிலி அலகில் சுற்றிக்கொள்ளும். மூக்கைக் காற்றுக்கோ ஓட்டத்துக்கோ எதிராகத் திருப்பி நிறுத்துங்கள். படகு தானாகப் பின்னால் நகரத் தொடங்கும்போது மெதுவாக இறக்குங்கள். தேவையான கயிற்றை விட்டபின் அணியத்து முளையில் கட்டி, எஞ்சினை மெல்லப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். பிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருட்களை, உதாரணமாகப் பின்னால் கொம்தார் கோபுரம், முன்னால் ஏதாவது ஒரு கம்பம், ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோடு கலைந்தால் நங்கூரம் இழுபடுகிறது. ஓட்டம் திரும்பும்போது படகும் சுற்றிக்கொண்டு நிற்கும், அப்போது ஒருமுறை மறுபடி பாருங்கள்.

40 மீட்டர் கயிற்றில் நிற்கும் படகு 80 மீட்டர் அகலத்துக்கு வட்டமிடும் என்பதால், பினாங்குப் பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில்தான் மீன் அதிகம் என்று அங்கே ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கால்வாய்க்கு அடியில் தண்ணீர்க் குழாய்களும் கேபிள்களும் போகின்றன, நங்கூரம் போடக் கூடாத இடங்கள் கடல் வரைபடத்தில் இருக்கின்றன. பாலத்துக்கு அருகில் மிடில் பேங்க் திட்டில் கடற்புல் வளர்கிறது. நங்கூரம் அதை வேரோடு பிடுங்கும். நீர் வற்றும்போது படகும் அங்கேயே உட்கார்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரை கொசுவுக்கு விருந்துதான்.

ஏப்ரல் தொடங்கித் தென்மேற்குக் காற்றுக் காலம் முடியும்வரை, விடியலை ஒட்டி மேற்கே கறுப்புப் பட்டையாக மேகம் எழுந்தால் அது சுமத்ரா என்று நாங்கள் சொல்லும் திடீர்ச் சூறைக்காற்று. உங்கள் ஏழு மடங்கோடு பேரம் பேசாது. வானம் கறுத்ததும் கிளம்பிவிடுங்கள், மீன் நாளைக்கும் இருக்கும். மிதவை அங்கியை உட்காரும் இடத்துக்கு மெத்தையாகப் போட்டு வைக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். தயவுசெய்து பிள்ளைகளுக்காவது மாட்டுங்கள். ஆபத்து என்றால் முதலில் 999, முகநூல் நேரலை அப்புறம்.

நங்கூரம் சிக்கிக்கொண்டதா? படகை மெல்ல அதன் நேர்மேலே கொண்டுவந்து, கயிற்றைச் செங்குத்தாக இறுக்கி அணியத்தில் கட்டினால் அலையே தூக்கிக் கொடுக்கும். ஒருபோதும் கயிற்றைப் பின்பக்கம் கட்டி எஞ்சினை முறுக்காதீர்கள், படகு பின்பக்கமாக மூழ்கும். வரவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். அதற்கென்று ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அன்றைக்குக் கத்தி மீனவரிடம் இருந்தது, இவர்களிடம் இல்லை.

எஞ்சின் விஷயத்தில் ஒரு வார்த்தை. முழுகிய எஞ்சினை வெயிலில் காயப்போட்டு நாலு நாள் கழித்துக் கொண்டுவராதீர்கள். காற்று பட்டதும் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கும். உடனே நல்ல தண்ணீரில் கழுவி அன்றைக்கே கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே முக்கி வையுங்கள்.

மூன்றாவது எஞ்சின் வியாழக்கிழமை தயாராகிவிடும். அதைக் கொண்டுவந்த தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்: படகைக் கொண்டுவா, 40 மீட்டர் நைலான் கயிற்றையும் சங்கிலியையும் என் கண்ணில் காட்டு, அதற்குப் பிறகுதான் எஞ்சினை மாட்டுவேன். "கயிறு நான் வாங்கித் தருகிறேன் அண்ணே" என்று அவன் மகன்தான் பதில் சொன்னான்.