கடல் கடந்தவர் வீட்டுப் பெண்களோடு குழுப்பணி: செட்டிநாட்டு ஊர்களில் செய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கல்லல் பக்கம் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெரு அபூர்வம். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் நடத்திய வட்டாரம் இது. இன்று போகிறவர்களில் பலர் கொத்தனார், ஓட்டுநர், வெல்டர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். போனவர் படும் பாடு அவ்வப்போது செய்தியில் வந்துவிடுகிறது. கடனையும் வட்டியையும் ஊர்ப்பேச்சையும் தாங்கிக்கொண்டு இங்கே இருக்கிறவர் கணக்கில் வருவதில்லை. அவர்களைக் குழுவாகச் சேர்த்து வேலை செய்யப்போகும் சமூகப்பணியாளருக்கானது இந்தக் குறிப்பு.

சர்வதேச சமூகப்பணி என்றதும் மாணவர்கள் ஜெனீவா, நியூயார்க் என்று யோசிக்கிறார்கள். சமூகப்பணியின் மூன்று உலக அமைப்புகள் 2012-ல் வெளியிட்ட உலகளாவிய செயல்திட்டத்தில் சமத்துவம், மனித மாண்பு, சுற்றுச்சூழல், மனித உறவுகள் என நான்கு தலைப்புகள் உண்டு. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 10.7 பாதுகாப்பான, முறையான இடப்பெயர்வைக் கேட்கிறது. அதே இலக்கின் 10.c பிரிவு, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் செலவு 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்கிறது. இவை எல்லாமே கல்லல் ஒன்றியத்து அங்கன்வாடிக் கட்டடத்தில் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசக்கூடிய சங்கதிகள்தான்.

மண்டபத்தில் அறுபது பேரைக் கூட்டி, மைக் வைத்து, துண்டுப்பிரசுரம் கொடுத்து அனுப்புவது விழிப்புணர்வுக் கூட்டம். அதற்கும் தேவை இருக்கிறது. ஆனால் அது குழுப்பணி ஆகாது. ஒருவர் பட்ட அனுபவம் இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும், உறுப்பினர்களுக்குள்ளேயே உதவி கைமாற வேண்டும். அதற்கு 8 முதல் 12 பேர் சரியான அளவு. வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், 8 அமர்வுகள். நடத்த இருவர் வேண்டும்: ஒருவர் பேச்சை நடத்த, மற்றவர் யார் பேசவில்லை, யார் முகம் மாறுகிறது என்று கவனிக்க.

நாள் குறிக்கும்போது ஊர்க் காலண்டரைப் பார்க்காமல் குறிக்காதீர்கள். மாசி, பங்குனியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசை கட்டி வரும், ஆள் சேராது. நூறு நாள் வேலை நடக்கும் வாரங்களில் மாலை நான்கரைக்கு மேல்தான் முடியும். இடம் அதைவிட முக்கியம். வளவு வீட்டு (நகரத்தாரின் பழைய பெரிய வீடு) முகப்பு காற்றோட்டமாக, விசாலமாக இருக்கும். ஆனால் அது ஒருவருடைய வீடு. அந்தப் படி ஏறத் தயங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கோயில் மண்டபம் என்றால் முஸ்லிம் பெண்கள் வரமாட்டார்கள். அங்கன்வாடி, ஊராட்சி நூலகம், ஊராட்சிக் கட்டடம் இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள்.

புதிதாக வருகிற பணியாளர் எடுத்த எடுப்பில் செய்யும் தவறு, இருக்கிற மகளிர் சுய உதவிக் குழுவையே அப்படியே எடுத்துக்கொள்வது. ஆள் தயார், பதிவேடு தயார், வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கடன் தவணைக்குப் பொறுப்பேற்றவர். வெளியில் மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன் என்று யார் அவர் காதுபடச் சொல்வார்? சொன்னால் அடுத்த கடன் கிடைக்காது. அதனால் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் அறிவிப்பு மட்டும் செய்யுங்கள்; குழுவைத் தனியாக அமையுங்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் வீட்டில் போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியவை நான்கு: யார் போயிருக்கிறார், எந்த நாடு, யார் மூலம், கடைசியாக எப்போது பேசினார். மூன்றாவது கேள்விதான் சிக்கல். இங்கே சப்-ஏஜெண்ட், அதாவது முகவருக்கு ஆள் பிடித்துத் தருபவர், பெரும்பாலும் மாமன், மச்சான், சம்பந்தி வழிதான். அவர் வீட்டுப் பெண்ணும் அவரால் ஏமாந்த வீட்டுப் பெண்ணும் ஒரே வட்டத்தில் இருந்தால் எட்டு வாரமும் கைத்தறிச் சேலை விலைதான் பேசுவார்கள். மாமியாரையும் மருமகளையும்கூட ஒரே குழுவில் போடாதீர்கள். பணம் யார் கணக்குக்கு வருகிறது என்பதே பல வீடுகளில் சண்டை. இரண்டு குழுவாக நடத்தி, ஆறாவது அமர்வில் மட்டும் சேர்த்து உட்காரவைக்கலாம், அதுவும் இரு தரப்பும் சம்மதித்தால்.

முதல் அமர்வில் விதிகளை உறுப்பினர்களே சொல்லட்டும். அவர்கள் விட்டுவிட்டாலும் நீங்கள் சேர்க்க வேண்டியது ஒன்று: பாஸ்போர்ட், விசா படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ரகசியம் காப்போம் என்று சத்தியம் வாங்குவதில் அர்த்தமில்லை, ஊர் சின்னது. பெயர் சொல்லாமல் பேசும் வழிகளை ஏற்படுத்துவதே பலன் தரும்.

மூன்றாவது அமர்வின் புளியங்கொட்டைக் கணக்கு அப்படி ஒரு வழி. ஆளுக்கு ஒரு காகித உறை, ஒரு பிடி புளியங்கொட்டை. ஒரு கொட்டை 10,000 ரூபாய். ஏஜெண்டுக்குக் கொடுத்தது, மெடிக்கல், டிக்கெட், வட்டி எல்லாம் சேர்த்து எத்தனை கொட்டையோ அத்தனையை உறையில் போட்டு மூட வேண்டும். உறைகள் ஓலைக் கொட்டானில் விழுந்ததும் கலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாகக் கொட்டிப் பரப்புங்கள். எந்த வரிசை யாருடையது என்று தெரியாது. பிறகு ஒரு கோலப்பொடிக் கோட்டை மூன்றரைக் கொட்டை நீளத்தில் கிழியுங்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35,400. டிக்கெட்டும் வட்டியும் இதில் சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தவறாகப் புரியும். கோட்டைத் தாண்டி வரிசைகள் நீளும்போது, "எங்க வீட்ல மட்டுந்தான் ஏமாந்தாகன்னு நெனச்சேன்" என்ற பேச்சு தானாக எழும். அந்த இடத்தில் நீங்கள் வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

அடுத்து மாதக் கணக்கு. எடுத்துக்காட்டாக மொத்தச் செலவு 1,36,000, சம்பளம் 27,000 என்றால் ஐந்து மாதச் சம்பளம் போய்விட்டது. அவர் சாப்பாடு, போன் போக வீட்டுக்கு 17,000 அனுப்பினால், அதை முழுக்கக் கடனுக்கே கட்டினாலும் எட்டு மாதம். அதுவரை வீட்டில் அடுப்பு எதில் எரியும்? ஆள்சேர்ப்புச் செலவு எத்தனை மாதச் சம்பளம் என்பதுதான் இலக்கு 10.7-ஐ அளக்க ஐ.நா. வைத்திருக்கும் முதல் அளவுகோலும். அந்த அளவீட்டைத்தான் இங்கே புளியங்கொட்டையில் செய்கிறோம்.

நான்காவது அமர்வு ஃபைலுக்கு. வீட்டில் இருக்கவேண்டிய நகல்கள்: பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், முதலாளியின் முழு முகவரி, முகவரின் உரிம எண், காப்பீட்டு எண். பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்புள்ள) பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். முகவர் உரிமம் உண்மையா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். கையில் போன் உள்ள உறுப்பினரே தேடிக் காட்டட்டும். அனுமதியோடு போனவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். பாலிசி இருப்பதே தெரியாத வீடுகள் உண்டு, நாமினி பெயரைப் பாருங்கள். சிங்கப்பூர் அந்த 18-இல் வராது. அங்கே ஐபிஏ கடிதம் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்)தான் ஆதாரம். சம்பளமும் பிடித்தமும் அதில் எழுதியிருக்கும். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசா மாற்றித் தருகிறோம் என்ற பேச்சு வந்தால், அப்படிப் போய்வந்தவரின் வீட்டுப் பெண் ஒருவரே பதில் சொல்லட்டும். உங்கள் வாயிலிருந்து வருவதைவிட எடுபடும்.

உண்டியல் (ஹவாலா) வழியாகப் பணம் வருவதைப் பற்றி உபதேசம் எடுபடாது. வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், கமிஷன் குறைவு. அது சட்டவிரோதம் என்பதோடு, அனுப்பியதற்கு ரசீது இல்லை, பின்னால் சொத்துத் தகராறிலோ வங்கிக் கடனிலோ காட்ட ஒன்றும் இருக்காது என்பதைச் சொல்லுங்கள். வங்கி வழியில் கட்டணம் மட்டுமல்ல, மாற்று விகிதத்தில் போகும் பணத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

நடுவில் ஒருவர், "மூணு மாசமா போனே இல்லத்தா" என்று உடைந்துவிடலாம். அமர்வு முழுவதும் அவர் பின்னால் போய்விடும். பதினைந்து நிமிடம் குழு கேட்கட்டும், யாராவது பக்கத்தில் நகர்ந்து உட்காரட்டும்; மீதியை அன்று மாலையே தனியாகப் பேசுங்கள். 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் (வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கியது), மாவட்ட ஆட்சியர் அலுவலக மனு, சென்னையில் அயலகத் தமிழர் நல ஆணையரகம் என மூன்று வழி உண்டு. மனு எழுத அந்த ஃபைல் வேண்டும். ஃபைல் இல்லாத வீட்டில் இதற்கே வாரக்கணக்கில் ஆகிறது.

கடைசி இரண்டு அமர்வுகளைக் கிராம சபைக்கு வையுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழு கேட்கக்கூடியது, வெளிநாடு போகிறவர் விவரத்தை விரும்பினால் பதிந்துவைக்க ஊராட்சியில் ஒரு பதிவேடு. தீர்மான வாசகத்தை உறுப்பினர்களே எழுதி, இருவர் எழுந்து வாசிக்கப் பயிற்சி எடுக்கட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அன்றே பார்த்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" என்றால் பெரும்பாலும் ஏறாது. நகலைக் குழுவில் ஒருவர் ஃபைலில் வையுங்கள், அடுத்த கிராம சபையில் கேட்பதற்கு அதுவே பிடி.