தெளுவு ஏன் புளிப்பதில்லை?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக மேற்கே சென்றால், தமிழ்நாட்டுத் தென்னந்தோப்பு எங்கே முடிந்து கேரளத்துத் தோப்பு எங்கே தொடங்குகிறது என்பதை மரங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாளையில் கட்டியிருக்கும் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளதால், இந்தப் பக்கம் இறக்கும் தெளுவுக்கு, அதாவது புளிக்காத இனிப்புச் சாற்றுக்கு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுகிறது. கேரளப் பக்கத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிகளில் கள் இறக்கும் கலயத்துக்குச் சுண்ணாம்பு கிடையாது. மரம் ஒன்றுதான், சாறும் ஒன்றுதான். ஆனால் ஒன்று இனிப்பாகவே நிற்கிறது, மற்றொன்று நுரைத்துப் புளிக்கிறது. “சுண்ணாம்பு தடவலேன்னா பொழுது ஏறறதுக்குள்ள பொங்கிப் போயிருமுங்க” என்று மரமேறுபவர் சொல்வது பல தலைமுறைகள் கண்டறிந்த உண்மை. அந்த உண்மைக்குக் காரணம் என்ன என்று கேட்கும் இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது.

முதலில் சாறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தென்னை ஓலைகள் ஒளிச்சேர்க்கையில் உருவாக்கும் சர்க்கரை, சுக்ரோஸ் வடிவில், புளோயம் என்னும் உயிருள்ள நுண்குழாய்கள் வழியாகப் பூவுக்கும் காய்க்கும் செல்கிறது. விரியாத பாளையைக் கட்டி, இலேசாகத் தட்டி, நுனியை நாள்தோறும் சீவும்போது அந்தக் குழாய்கள் அறுபட்டு, காய்க்குப் போக வேண்டிய சர்க்கரைநீர் கலயத்தில் சொட்டுகிறது. குழாய்க்குள் இருக்கும் வரை ஏறத்தாழத் தூய்மையாக இருந்த சாற்றில், வெட்டுவாய், கத்தி, ஈ, தேனீ, பழைய கலயத்தின் ஓரம் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் நுண்ணுயிர்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் முதன்மையானது ஈஸ்ட். இது உட்கருவுள்ள ஒற்றைச் செல் பூஞ்சை. அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. தன் உடலில் சிறு மொட்டு விட்டு, அதைப் பிரித்துத் தனி உயிராக்கி இது பெருகுகிறது.

ஈஸ்டுக்குச் சர்க்கரை உணவு. ஆக்சிஜன் போதாத இடத்தில் அது சர்க்கரையை முழுவதுமாக எரிக்காமல், பாதி வழியில் ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைத்து, கிடைக்கும் சிறிதளவு ஆற்றலைக் கொண்டு வாழ்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும்; அந்த வாயு அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 49 லிட்டர் இடத்தை அடைக்கும். கலயத்தில் நுரை பொங்குவதில் வியப்பில்லை. ஈஸ்டுடன் சேர்ந்து வளரும் பாக்டீரியாக்கள் அமிலங்களை உண்டாக்குவதால் கள் புளிக்கிறது.

இவ்வளவும் இன்றைய பாடநூலில் இருப்பதால், இது எப்போதும் தெரிந்த செய்தி என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. 1837-இல் தியோடர் ஷ்வான் உள்ளிட்ட சிலர் ஈஸ்ட் ஓர் உயிர் என்று தனித்தனியே கூறியபோது, லீபிக் போன்ற பெரும் வேதியியலாளர்கள் அதை ஏற்காமல் எள்ளி நகையாடினர். சர்க்கரை உடைவது வெறும் வேதிவினை என்பதே அவர்கள் வாதம். பின்னர் லூயி பாஸ்டர், வளைந்த நீள்கழுத்துக் குடுவையில் சத்துநீரைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போய்வர முடிந்தும் தூசி கழுத்தின் வளைவிலேயே தங்கிவிட்டதால் நீர் தெளிவாகவே நின்றது. கழுத்தை உடைத்ததும் கலங்கியது. உயிர் வழக்கு வென்றது என்று எல்லோரும் எண்ணியிருக்க, 1897-இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட் செல்களை மணலோடு அரைத்துப் பிழிந்த சாறே, உயிருள்ள செல் இல்லாமல், சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். செல் உருவாக்கும் நொதிகள் (என்சைம்கள்) என்னும் புரதங்களே அந்த வேலையைச் செய்கின்றன. இதற்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தோற்றதாகக் கருதப்பட்ட தரப்பிலும் பாதி உண்மை இருந்திருக்கிறது. பாடநூல்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

இனி நம் கலயத்துக்கு வருவோம். சுண்ணாம்பு நுண்ணுயிர்களைத் தடுக்கிறது என்பது ஒரு கருதுகோள். சுண்ணாம்பு சாற்றையே மாற்றி, நொதிக்க இயலாததாக்கிவிடுகிறது என்பது மற்றொன்று. எல்லைக்கு இருபுறமும் உள்ள இரு கலயங்களை மட்டும் ஒப்பிட்டால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. மரம், நேரம், கலயத்தின் பழமை எல்லாமே வேறுபடுகின்றன. ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கும் ஒப்பீடு தேவை.

மாணவர்கள் கள்ளைத் தேடிப் போக வேண்டியதில்லை. கரும்புச்சாற்றைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரே பாத்திரத்திலிருந்து நான்கு வகைப் புட்டிகளில் சம அளவில் ஊற்றலாம். முதல் வகையில் கடையில் வாங்கிய ஈஸ்ட். இரண்டாவதில் எதுவும் இல்லை. மூன்றாவதில் சுண்ணாம்பும் ஈஸ்டும். நான்காவதில் சுண்ணாம்பு மட்டும். ஒரு புட்டியின் முடிவு தற்செயலாக இருக்கக்கூடும் என்பதால் வகைக்கு மூன்று புட்டிகளாவது வேண்டும். வாயை இறுக மூடினால் வாயு அழுத்தத்தில் புட்டி வெடிக்கும், பஞ்சு போதும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் ஆசிரியர் உடனிருக்க வேண்டும். இரண்டாம் வகை தேவையற்றதாகத் தோன்றலாம், ஆனால் சாறு தானாகவே நொதிக்கிறதா என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

எதை அளப்பது என்பதில்தான் சிக்கல். பஞ்சுக்குப் பதிலாகப் புட்டியின் வாயில் பலூனை மாட்டி, அது உப்புகிறதா என்று பார்ப்பது பள்ளிகளில் வழக்கம். இந்தச் சோதனையில் பலூன் ஏமாற்றிவிடும். சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாறுவதால், மூன்றாம் புட்டியில் நொதித்தல் நடந்தாலும் சுண்ணாம்பு தீரும் வரை பலூன் உப்பாமல் கிடக்கக்கூடும். நாமோ ஈஸ்ட் வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுவோம். கலங்கலை வைத்தும் முடிவு செய்ய முடியாது, ஏனெனில் சுண்ணாம்பு பட்டதும் ஈஸ்ட் இல்லாத சாறும் திரிந்து கலங்கும். நான்காம் புட்டி அதைக் காட்டிக்கொடுக்கும். எனவே தொடக்கத்திலும் மறுநாளும் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு துளி எடுத்து, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கி, மொட்டு விட்ட செல்களை எண்ணுவதே நம்பத்தக்க வழி.

மூன்றாம் புட்டியில் எண்ணிக்கை கூடவில்லை என்றால் காரணம் ஊகிக்கத்தக்கது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் காரகாடித்தன்மை எண் (pH) 12-ஐத் தாண்டும். ஈஸ்டுக்கு உகந்தது 4 முதல் 6 வரையிலான மென்மையான அமிலச்சூழல். ஈஸ்ட் செல் தன் சவ்வு வழியாக ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, அவை திரும்பி உள்ளே பாயும் விசையைக் கொண்டு சில சத்துகளை இழுத்துக்கொள்கிறது. வெளியே காரம் மிகுந்தால் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். புரதங்களின் வடிவமும் குலையும்.

ஆனால் சாறே கெட்டுவிட்டது என்னும் இரண்டாவது கருதுகோள் இன்னும் வீழ்ந்துவிடவில்லை. அதைச் சோதிக்க, மூன்றாம் வகைப் புட்டிகளில் கொதிக்க வைத்து ஆற்றிய எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும்; புட்டியிலுள்ள சாற்றில் நனைத்த, மஞ்சள்தூள் பூசிய தாள் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கும்போது காரம் தணிந்துவிட்டதாகக் கொள்ளலாம். அதே அளவு எலுமிச்சைச் சாற்றை முதல் வகையிலும் சேர்க்காவிட்டால் ஒப்பீடு பழுதாகும். பிறகு காரம் தணிந்த புட்டிகளில் பாதிக்குப் புதிய ஈஸ்ட் சேர்த்து, மீதியை அப்படியே விடலாம். புதிய ஈஸ்ட் சேர்த்தவை பொங்கினால் சாறு கெடவில்லை என்று பொருள். சேர்க்காதவையும் பொங்கினால் பழைய செல்கள் சாகாமல் முடங்கிக் கிடந்திருக்கின்றன. அவை அசையாமல் நின்றால் சுண்ணாம்பு அவற்றைக் கொன்றிருக்கிறது. சுண்ணாம்பின் அளவைப் பொறுத்து இரண்டில் எதுவும் நடக்கலாம் என்பதால், அடுத்த வரிசைப் புட்டிகளில் மாற்ற வேண்டிய ஒரே காரணி அந்த அளவுதான்.